ஒன்பது நாள் ரேடியோ

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு வருஷத்தில் ஒரு வாரம்தான் மரியாதை. மற்ற நாளெல்லாம் அதன் தலைமேல் ரேஷன் கார்டு, கரண்டு பில், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, யாரோ பாதி குடித்து வைத்த சுக்குக் காப்பி டம்ளர் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். புரட்டாசியில் நவராத்திரி நெருங்கியதும் அத்தை அவற்றையெல்லாம் இறக்கிவிட்டு, ஈரத் துணியால் பெட்டியைத் துடைத்து, தானே பின்னிய லேஸ் துணி ஒன்றை அதன்மேல் விரிப்பாள். அன்று முதல் விஜயதசமி வரை அதன் மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது. வாரம் என்று வாய் சொன்னாலும் அது ஒன்பது நாள். களியக்காவிளைச் சந்தையில் நூறு தேங்காய் எண்ணினால் இரண்டு கூடுதலாக விழும். வாரத்திலும் அப்படி இரண்டு நாள் கூட விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்பது மாலையும் திருவனந்தபுரம் நிலையம் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளை நேர் அஞ்சல் செய்யும். டிசம்பர் என்றால் சென்னை, தை மாதத்துப் பகுள பஞ்சமி என்றால் திருவையாறு என்று தமிழ்நாட்டு ரஸிகர்களுக்கு மனப்பாடம். திருவனந்தபுரத்து நவராத்திரியைச் சொன்னால், ‘அப்படியா, அங்கேயும் உண்டா?’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் உண்டு. அங்கே இருப்பது போல வேறெங்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து இருக்கிறது அந்த மண்டபம். எண்ணெய் விளக்கு வெளிச்சம். பாடுகிற வித்வான் சட்டையில்லாமல் வேஷ்டியோடு உட்கார வேண்டும். ஒலிக்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிரே சரஸ்வதி. முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடி முடிப்பார்கள், அப்புறம் கச்சேரி. இன்ன நாளில் இன்ன ராகம் என்பது ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகளைக் கொண்டு எப்போதோ தீர்மானமாகிவிட்டது. முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. வித்வான் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ‘எனக்கு இன்று காம்போதி பாட மனசு’ என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் என்றால் சாவேரிதான்.

மகாராஜா பிறந்தது 1813-ல், இறந்தது 1846-ல். முப்பத்துமூன்று வயசுக்குள் அரசாட்சியும் செய்து, இவ்வளவு பாட்டும் செய்ய முடியுமா என்று வீணை எஸ். பாலசந்தர் 1980-களில் பெரிய சர்ச்சை ஒன்றைக் கிளப்பினார். பத்திரிகைகள் சூடாகின. அப்பா அதை எங்கோ கேட்டு வந்து அத்தையிடம் சொன்னாராம். அவள், “யாரு எழுதினா என்ன அண்ணா? தோடி நாலாம் நாளுதானே வரும்?” என்று கேட்டுவிட்டுக் கிழங்கு நறுக்கப் போய்விட்டாளாம். சர்ச்சை எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது.

ரேடியோவில் கேட்பவனுக்கு அந்தக் கச்சேரியில் இரண்டு விசேஷங்கள் உடனே காதில் படும். ஒன்று, தானம். மற்ற மேடைகளில் தானம் பாடும்போது மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். இங்கே தானத்துக்கும் மிருதங்கம் உண்டு. பாட்டும் மிருதங்கமும் கைகோத்துக்கொண்டு இறங்குகிற அந்த இடம் வந்ததும் அத்தை கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். “ஒண்ணு மிண்டாம இரி மக்கா, தானம் போவுது” என்பாள். ரயில் போகிறது என்பது போலச் சொல்வாள்.

இரண்டாவது விசேஷம், கைதட்டல் இல்லாதது. தேவி சந்நிதி ஆகையால் யாரும் கைதட்டக் கூடாது. ரேடியோவில் மற்றக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒரு கிருதி முடியும். நாம் ‘படபட’வென்று அந்த மழையை எதிர்பார்ப்போம். ஒன்றும் வராது. தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒருவர் இருமுவார். அவ்வளவுதான். இது நன்றாக இருந்ததா, இல்லையா என்று நமக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. நாமேதான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சங்கீதம் படித்தறியாத, பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட என் போன்றவனுக்குக் காது என்று ஒன்று கொஞ்சமாவது ஏற்பட்டிருக்கிறது என்றால், அது அந்த மௌனத்தில்தான்.

இந்தக் கச்சேரிக்கும் களியக்காவிளைக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கிற சரஸ்வதி எங்கள் பக்கத்துக்காரி. பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பவள். கம்பர் பூஜித்த விக்கிரகம், அவர் சேர ராஜாவிடம் கொடுத்தது என்பது ஐதிகம். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, சரஸ்வதி போகவில்லை. ஆகவே வருஷந்தோறும் நவராத்திரிக்கு அவள் பிரயாணப்பட வேண்டியிருக்கிறது. துணைக்குச் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும். முதல் நாள் ராத்திரி குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளை வழியாக நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

நான் சிறுவனாக இருந்தபோது சரஸ்வதி யானைமேல் வருவாள். முருகனுக்கு வெள்ளிக் குதிரை, நங்கைக்குப் பல்லக்கு. ஜங்ஷனில் இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், அந்தப் பக்கம் கேரளப் போலீஸ். பாண்டு முழங்கும். துப்பாக்கியைத் தூக்கி மரியாதை செய்வார்கள். வீட்டுக்கு வீடு விளக்கேற்றி, தேங்காயும் பழமும் பூவும் வைத்த தட்டத்தோடு பெண்கள் நிற்பார்கள். அரிசி மூட்டை ஏற்றிய லாரியை மணிக்கணக்காக நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிற எல்லையில், ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு பெண்ணை அனுப்பிவைக்கிற காட்சி அது ஒன்றுதான்.

எல்லை என்பது எங்களுக்குப் பழைய சமாசாரம் அல்ல. 1954 ஆகஸ்டு 11-ந் தேதி புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது இந்த எல்லைக்காகத்தான். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு தாலூகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; அடுத்த வீட்டு நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. பாறசாலையில் பெண் கொடுத்தவர்களும், உதியன்குளங்கரையில் பெண் எடுத்தவர்களும் ஒரே ராத்திரியில் வெளி மாநிலத்துச் சம்பந்திகள் ஆனார்கள். தாத்தா கடைசிவரை, ‘இந்த ராஜ்யம்’, ‘அந்த ராஜ்யம்’ என்று சொல்லும்போது எது எது என்பது அவருடைய கைகாட்டலைப் பார்த்தால்தான் தெரியும்.

ரேடியோவுக்கு மட்டும் யாரும் எல்லை போடவில்லை. திருவனந்தபுரம் நிலையம் 1943-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஆரம்பித்தது. 1950-ல் அகில இந்திய ரேடியோவோடு சேர்ந்தது. எங்கள் ஊர் மாநிலம் மாறிய பிறகும் எங்கள் ரேடியோ முள் மாறவில்லை. திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. ஆனால் நடுவே மலை நிற்கிறது. பகலில் திருநெல்வேலிச் செய்தி வாசிப்பவர் எங்கள் வீட்டில் எப்போதும் ஜலதோஷத்தோடுதான் பேசினார். 1984-ல் நாகர்கோவிலில் எப்.எம். நிலையம் வந்தது, நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். நல்ல தெளிவு. ஆனால் எங்கள் பெட்டி தாத்தா 1962-ல் வாங்கிய வால்வு பெட்டி, அதற்கு எப்.எம். என்றால் என்னவென்று தெரியாது. வருஷா வருஷம் போஸ்டாபீசில் லைசென்ஸ் கட்டி வந்த பெட்டி அது. லைசென்ஸை எடுத்துவிட்ட பிறகும், அந்தச் சின்னப் புத்தகத்தை அப்பா பத்திரமாக வைத்திருந்தார், யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்று.

கடையில் இருந்தது வேறு ரேடியோ, சிறிய டிரான்ஸிஸ்டர். அது இலங்கைக்குச் சொந்தம். கே. எஸ். ராஜாவின் குரல் கேட்டால் புளி வாங்க வந்தவர்கள் புளியை மறந்து நிற்பார்கள். மந்திரி கேஸ்கர் 1950-களில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று அகில இந்திய ரேடியோவில் கதவைச் சாத்தப் போக, ஜனங்கள் எல்லோரும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்ட கதை தெரிந்ததுதானே. கேஸ்கரைத் திட்டுவது இப்போது சுலபம். அவர் காலத்தில்தான் 1952-ல் சங்கீத தேசிய நிகழ்ச்சி வந்தது. 1954-ல் ரேடியோ சங்கீத சம்மேளனம் வந்தது. ஒரு கல்யாணக் கச்சேரியைக்கூட முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வழியில்லாத ஜனங்கள் பெரிய பெரிய வித்வான்களைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். சினிமாப் பாட்டை நிறுத்தியது அசட்டுத்தனம். கச்சேரியைக் கொடுத்தது புண்ணியம். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார். எங்கள் குடும்பத்தில் முதலாவதன் லாபம் கடைக்கும், இரண்டாவதன் லாபம் அத்தைக்கும் போய்ச் சேர்ந்தது.

அத்தையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அவள் பாடுவாள் என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது.

சிறு வயதில் குழித்துறையிலிருந்து ஒரு பாகவதர் வாரம் இருமுறை வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வர்ணம் வரை போயிற்று. 1963-ல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் பேரில் சங்கீதக் கல்லூரி இருக்கிறது, 1939-ல் ஆரம்பித்தது. முத்தையா பாகவதர் தலைவராக இருந்தார், பிறகு செம்மங்குடி சீனிவாசய்யர். பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பாகவதர் தாமாகவே தாத்தாவிடம் பேசினார். தாத்தா யோசிக்கக்கூட இல்லையாம். “எல்ல தாண்டிப் போய் பாடிப் படிக்கண்டாம்” என்றாராம். தாத்தாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மகளுக்கு ஜுரம் என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காதவர். அந்த வருஷமும் சரஸ்வதி ஊர்வலம் வந்தபோது கடைவாசலில் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவளை எல்லை தாண்டி அனுப்பி வைத்தவர் அவர்தான்.

அத்தை அழுதாளா என்று தெரியவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு பேரேடு தொடங்கியிருக்கிறாள். கடைக்கு வாங்கிய சிவப்பு அட்டைப் பேரேடுகளில் ஒன்று. வரவு, செலவு என்று அச்சிட்ட பத்திகளில், வரவுப் பக்கத்தில் ராகம், செலவுப் பக்கத்தில் பாடினவர் பெயர், ஓரத்தில் ஒரு குறிப்பு. வருஷத்துக்கு ஒன்பது வரி. அந்தப் பேரேடு இப்போது என்னிடம் இருக்கிறது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். முந்நூறு பக்க நாவல்களும் எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்தப் பேரேட்டின் ஓரக் குறிப்புகள் சொல்வது போல என்னால் சொல்ல முடியவில்லை. ‘பந்துவராளி. இடி. பாதிதான் கிடைத்தது.’ எங்கள் பக்கத்தில் புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் இடி கட்டாயம். மலைமேல் மின்னினால் பெட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். ‘கல்யாணி. கரண்டு இல்லை. பக்கத்து வீட்டு டிரான்ஸிஸ்டரில் சுவர் ஓரம் நின்று கேட்டேன்.’ ‘சுத்தசாவேரி. அண்ணிக்கு நோவு எடுத்துவிட்டது. கேட்கவில்லை.’ அந்தச் சுத்தசாவேரியை அவளிடமிருந்து பறித்துக்கொண்டு பிறந்தவன் என் அண்ணன்.

1967, 1968, 1969 மூன்று வருஷமும் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. தக்கலைப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அந்த வீட்டில் ரேடியோ கிடையாது. 1970-ல் மறுபடி ஒன்பது வரி. மாமா காலமாகி அவள் திரும்பி வந்துவிட்டிருந்தாள். அதைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை. ‘சங்கராபரணம். நல்ல சுகம்’ என்று மட்டும் இருக்கிறது. 1978-ல் தாத்தா போனார். துக்க வருஷம், ரேடியோ வைக்கவில்லை. ஒன்பது ராகத்தையும் வரிசையாக எழுதி, பாடினவர் பத்தியில் ஒன்பது கோடு போட்டிருக்கிறாள்.

அவள் அந்தக் கிருதிகள் ஒன்பதையும் கற்றுக்கொண்டது ரேடியோவிலிருந்துதான். ஒரு கிருதி வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றால் கற்றுக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். பல்லவி ஒரு வருஷம், அநுபல்லவி அடுத்த வருஷம், சரணம் எப்போது பிடிபடுகிறதோ அப்போது. வேறு ரேடியோப் பாடங்களும் உண்டு. திருவனந்தபுரம் நிலையத்தில் எம். ஜி. ராதாகிருஷ்ணன் லலித சங்கீத பாடம் நடத்தினார். வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார், கேரளத்தில் எத்தனையோ வீட்டுப் பெண்கள் அடுப்படியிலிருந்தே அவருக்குச் சிஷ்யைகள். அத்தையும் அதைக் கேட்பாள், முணுமுணுப்பாள். ஆனால் பேரேட்டில் அதற்கு இடம் கொடுத்ததில்லை.

அஞ்சல் முடிந்து, ரேடியோவை அணைத்து, எங்களுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனபின் அன்றைய ராகத்தை அவள் எடுப்பாள். மெல்லிய குரல். கிணற்றடிக்கு அப்பால் கேட்காது. அப்பா திண்ணையில் பேச்சை நிறுத்திக்கொள்வார். கேட்கிறார் என்பதைக் காட்டிக்கொள்ள மாட்டார். முடிந்ததும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நவராத்திரி மண்டபத்து வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் சரஸ்வதி தமிழ் பேசுகிற பூமியிலிருந்து நடந்து போகிறாள். அங்கே அவள் முன்னால் பிரதானமாக நிற்கிற ஒன்பதும் சம்ஸ்கிருதம். நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் தமிழில் எவ்வளவோ பாடிவைத்திருக்கிறார். திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்த லட்சுமணப் பிள்ளை தமிழ்க் கீர்த்தனங்கள் செய்தவர். அந்த ஒன்பது நாள் வரிசையில் பத்தாவதாகவாவது தமிழுக்கு ஒரு நிரந்தர இடம் இருந்திருக்கலாம். பழைய பத்ததியில் கை வைக்கக் கூடாது என்பார்கள். சரி. ஆனால் கை வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட இன்னொன்றில் பிற்பாடு கை வைத்தார்களே, உலகம் புரண்டுவிடவில்லை.

அந்த இன்னொன்று என்ன என்பது எனக்குப் பத்து வயதில்தான் உறைத்தது. பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகப் பெயர்கள். எல்லாம் ஆண்கள்.

“ஏன் அத்த, பொம்பளைய யாரும் பாடமாட்டாவளா?”

“பாடுவாவ. அங்க பாடமாட்டாவ.”

“ஏன்?”

அத்தை தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தாள். “அங்க இருக்கப்பட்ட ஆளே பொம்பளதானே மக்கா. அவ கேக்கட்டு, ஆம்பளைய பாடட்டு. ரெண்டு வேலையும் பொம்பளைக்கே குடுத்தா, சோறு ஆரு வடிப்பா?”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் வழக்கம் உண்மை. எம். எஸ். சுப்புலட்சுமியும், டி. கே. பட்டம்மாளும், எம். எல். வசந்தகுமாரியும் பாடின மேடைகளின் பட்டியலில் இந்த மண்டபம் கிடையாது. கேட்பவள் சரஸ்வதி, கையில் வீணை வைத்திருப்பவள். அவள் முன்னால் ஒரு பெண் குரலெடுத்துப் பாடக் கூடாது என்று யார், எப்போது, எதற்காகத் தீர்மானித்தார்களோ!

இதில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார். களியக்காவிளையிலிருந்து பாறசாலை நடக்கிற தூரம். அந்தப் பாறசாலையில் 1924-ல் பிறந்தவர் பொன்னம்மாள். முன்னே சொன்ன சங்கீதக் கல்லூரி ஆரம்பமானதும் அதில் சேர்ந்த முதல் பெண் மாணவி அவர். முதல் ரேங்கில் தேறி, பின்னால் அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்த முதல் பெண் ஆசிரியையும் ஆனார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் பிரின்ஸிபாலாகவும் இருந்தார். முத்தையா பாகவதர், பாபநாசம் சிவன், செம்மங்குடி ஆகியோரிடம் கற்றவர். அத்தை அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ‘நம்ம பாறசாலைக்காரி’ என்றுதான் சொல்வாள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் அவளுக்கு அந்த ஒரு விஷயத்தில் இந்தப் பக்கம்.

சாதாரண நாட்களில் பொன்னம்மாளின் பாட்டு அதே நிலையத்திலிருந்து, அதே பெட்டியில், அதே தெளிவோடு வரும். ரேடியோ ஆண், பெண் பார்க்கவில்லை. அத்தை அவர் பாட்டைக் கேட்கும்போது வேறு மாதிரி உட்கார்ந்திருப்பாள், கொஞ்சம் நிமிர்ந்து. நவராத்திரி வந்துவிட்டால் அந்தக் குரல் இல்லை. அந்த மண்டபத்து ஒன்பது கிருதிகளையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர், அதே நகரத்திலேயே இருப்பவர், மற்றவர்கள் பாடக் கேட்க வேண்டியதுதான். அத்தை கிணற்றடியில் பாடினாள். பொன்னம்மாளுக்கு எத்தனையோ பெரிய மேடைகள் இருந்தன. ஆனால் அந்த ஒன்பது மாலைகளில் மட்டும் இரண்டு பேருடைய நிலைமையும் ஒன்றாகத்தான் இருந்தது.

2003-ல், நவராத்திரிக்கு ஐந்தாறு மாதத்துக்கு முன் அத்தை போய்விட்டாள். அந்த வருஷ அக்டோபர் கடைசி நாளில் செம்மங்குடியும் மறைந்தார். பேரேடு 2002 ஆரபியோடு நிற்கிறது. ‘ஆரபி. தெளிவாக இருந்தது’ என்பது கடைசி வரி.

2006 நவராத்திரியில் பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் பாடினார். ராஜ குடும்பத்தைச் சேர்ந்த, தாமே பாடகருமான ராமவர்மா முன்னின்று அந்தக் கதவைத் திறந்தார். பொன்னம்மாளுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முதல் மாணவி, முதல் ஆசிரியை, முதல் பிரின்ஸிபால் என்று எல்லா முதலையும் இளமையிலும் நடுவயதிலும் எடுத்துவிட்டவருக்கு இந்த ஒரு முதல் மட்டும் அவ்வளவு காலம் காத்திருந்தது. பத்திரிகையில் செய்தி பார்த்தபோது நான் கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பேரேட்டை எடுத்தேன். 2002-க்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. பேனாவையும் எடுத்தேன். என் கையெழுத்து அதில் எதற்கு என்று தோன்றவே, மூடி வைத்துவிட்டேன்.

அதன்பின் வேறு பெண்களும் அங்கே பாடினார்கள். பொன்னம்மாளுக்கு 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2021 ஜூன் மாதம், தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார்.

ஊர்வலம் போகும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். திரும்பி வருவதை அவ்வளவு பேர் பார்ப்பதில்லை. நவராத்திரி முடிந்து மூன்று பேரும் அதே வழியில் திரும்புவார்கள். கூட்டம் பாதிகூட இருக்காது, தட்டங்கள் குறைவு, யானை நடையிலும் வீட்டுக்குப் போகிற அவசரம் தெரியும். அத்தை இதற்கு மட்டும் தவறாமல் ஜங்ஷனுக்கு வருவாள். “ஒம்பது ராத்திரி ஒரே இருப்பா இருந்து கேட்டிருக்கா. முதுகு வலிக்கும்லா அவளுக்கு?” என்பாள்.

1992 என்று நினைக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். அந்த வருஷம் எட்டாம் நாள், வித்வான் பெயரைச் சொல்கிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. வந்தபோது நாட்டக்குறிஞ்சி பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அற்புதமான நாட்டக்குறிஞ்சி. முடிவில் பெயர் சொல்வார்கள் என்று காத்திருந்தோம். மறுபடி கரண்டு போயிற்று. பேரேட்டில் பாடினவர் பத்தி காலியாகக் கிடந்தது. அத்தைக்கு நாலைந்து நாளாக அதே வேதனை. ஊர்வலம் திரும்பி வந்து ஜங்ஷனில் நின்றபோது, வெள்ளிக் குதிரைக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்ற ஒரு பெரியவரிடம் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“அண்ணாச்சி, எட்டாம் நாளு நாட்டக்குறிஞ்சி ஆரு பாடினது?”

அவர் கொஞ்சம் திகைத்தார். “நான் மண்டபத்துக்குப் போவல்ல அம்மா. முருகனுக்கு இருப்பு ஆரியசாலையில்லா? நாங்க ஒம்பது நாளும் அங்கதான்.”

அத்தை முகம் விழுந்துவிட்டது. திரும்பினாள்.

“நில்லுங்கம்மா” என்றார் அவர். “பேரு எனக்குத் தெரியும். கோயில் வாசல்ல ஒரு சாயக்கடை. அங்க ரேடியோ வச்சிருந்தான்.”

பெயரைச் சொன்னார். அத்தை அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, யானை நகர்வதற்குக்கூடக் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.